மூன்றாவது பாட்டின் நடுவில் விற்ற மெத்தை

இன்றைக்கு இந்த உலகத்தில் யார் மைக்கைப் பிடித்துப் பாடினாலும், அந்தப் பாட்டு ஒரு மெத்தைக் கடையின் குடோனிலிருந்து புறப்பட்டதுதான். சரி, முறைக்க வேண்டாம். பஞ்சைக் கொஞ்சம் அதிகமாகவே அடைத்துவிட்டேன். பாதியை உருவிவிட்டுச் சொல்கிறேன். ஒரே ஒரு பாடகி, அவளுடைய முதல் ஆல்பம், அதிலும் மூன்றாவது பாட்டு, அதிலும் பின்பாதி. அவ்வளவுதான் அந்தக் குடோனில் பிறந்தது. ஆனால் அந்தப் பின்பாதியைக் கேட்ட பிறகுதான் பாட்டுப் பதிவு செய்கிற விதமே மாறிப்போனது என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். அது நான் அடைத்த பஞ்சு இல்லை.

கடைக்காரிக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணமாகி அந்தக் கடைக்குள் காலடி வைத்த நாளோடு அது காணாமல் போய், தெருவுக்கே அவள் மெத்தை அக்கா ஆனாள். மாமனார் காலத்துக் கடை. முன்னால் நீளமான ஹால், தரையெல்லாம் வழவழவென்று டைல்ஸ். பின்னால் ஜன்னலே இல்லாத குடோன். அதற்குக் கதவும் கிடையாது, வெறும் வாசல்தான். அந்த வாசலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கணவர் முழங்கை நீள ஊசியால் மெத்தைக்குத் தையல் போடுவார். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை அவர் வாயிலிருந்து வரும் ஒரே சத்தம், நூலைப் பல்லால் கடிக்கும் சத்தம். தெரு அவருக்கு வைத்த பெயர் சைலன்சர்.

அவர் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசினாள். அவள் வியாபாரமே தனி தினுசு. வருகிறவர்கள் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, கையால் இரண்டு அமுக்கு அமுக்கிப் பார்ப்பார்கள் இல்லையா, அது அவளுக்கு ஆகாது. "கையாலயா தூங்கப் போறீங்க? செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க. நான் பாக்கல" என்பாள். சொன்னபடியே முதுகைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பிப்பாள். கூச்சப்பட்டவர்கள் கதை கேட்டபடியே மெல்லச் சாய்வார்கள். சாய்ந்தவர்கள் வாங்காமல் எழுந்தது அபூர்வம். முதுகு பிடித்துக்கொண்டு நாலு பேர் தூக்கி வந்த ஆள் ஒருவர், அவள் கடை மெத்தையில் படுத்து எழுந்ததும் செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓட்டமாக ஓடினாராம். அந்தச் செருப்பு இன்னும் பரணில் இருக்கிறதாம். கேட்டால் பரணுக்கு ஏணி இல்லை என்பாள்.

இப்படிப்பட்டவள் சொல்வதை யார் முழுசாக நம்புவார்கள்? அவள் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொள்வது தெருவுக்குப் பழகிவிட்டது. எதிர்க்கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிறவர் முக்கால்வாசியைக் கழிப்பார். மருமகள் வந்த புதிதில் எல்லாவற்றையும் நம்பினாள். பரணைப் பார்த்த பிறகு அவளும் கழிக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்தக் கழிவில் அடிபட்டுப் போனதுதான் குருவியின் கதை.

குருவி என்றால் அந்தப் பாடகி. உலகத்துக்கு அவள் வேறு என்னவோ. மெத்தை அக்காவுக்கு அவள், உறை தைக்க ஆள் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்த அட்டையைக் கையிலேயே பிய்த்துக்கொண்டு வேலை கேட்டு வந்த ஒல்லிக்குச்சிப் பெண். உட்கார்ந்தால் மெத்தையில் பள்ளமே விழாது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவாள். மெஷின் நின்றால் பாட்டும் நிற்கும், அதனால் அவளுக்கு வேலை ஓய்வதே பிடிக்காது. ஒருநாள் குடோனுக்குள் போனவள், கையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, உள்ள கைதட்டினா சத்தம் அங்கேயே செத்துப் போகுது!"

"வியாபாரம் பண்ற இடத்துல சாவு கீவுன்னு பேசாதடி."

"இல்லக்கா, பாட்டு ரெக்கார்ட் பண்ண இப்படி ஒரு ரூமுக்குத்தான் எல்லாரும் அலையறாங்க. எனக்குக் குடுங்களேன். மத்தியானத்துல மட்டும்."

மத்தியானத்தில் வியாபாரம் தூங்கும். அக்கா கொடுத்தாள். ஒரு கிட்டார்க்காரனும் ஒரு டிரம்காரனும் வந்தார்கள். ஒரு டேப் மெஷினை எங்கிருந்தோ இரவல் வாங்கிச் சுமந்து வந்தார்கள். சுவரையெல்லாம் மெத்தையால் மூடினார்கள். கதவில்லாத வாசலுக்கு மட்டும் பொருத்தமாக எதுவும் கிடைக்காமல், கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்பிரிங் மெத்தை ஒன்றை நிறுத்தி அடைத்தார்கள். உள்ளே டிரம் அதிர்ந்தாலும் ஹாலில் ஏதோ பக்கத்து வீட்டில் மாவு இடிக்கிற மாதிரிதான் கேட்கும். அக்கா டீ போட்டு, மெத்தையை ஒருச்சாய்த்து இடுக்கு வழியாக நீட்டுவாள்.

இனி வருவதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூட விழாவில், சம்பந்தி வீட்டாரின் முதல் விருந்தில், வங்கி மேனேஜர் அறையில், முப்பது வருஷத்துக்கும் மேலாக அவள் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கியது அது.

"ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தாங்க. கடையில இருக்கற அத்தனையும் பாத்தாங்க. ஒண்ணும் புடிக்கல. கடைசியில அந்த அம்மா நேரா போய் வாசலை அடைச்சு வெச்ச மெத்தையில கன்னத்தை வெச்சுப் பாத்துட்டு, 'இதுதான் வேணும்'னுது. வந்த வியாபாரத்தை விடுவாங்களா? உருவி எடுத்தோம் பாருங்க, உள்ள பாடிட்டிருந்த பொண்ணோட குரல் அப்படியே வெளியே கொட்டிச்சு! அதுவரைக்கும் பஞ்சுக்குள்ள பொத்தி வெச்ச குரல். டைல்ஸ்ல விழுந்து, கூரையில ஏறி, தெரு வரைக்கும் போச்சு. அந்த ரூமுக்கு அப்பத்தான் மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு. அவ மிரண்டு போயிட்டா. ஆனா பாட்டை நிறுத்தல. மிரட்சியிலயே இன்னும் மேல ஏறிப் பாடினா. அந்தப் புருஷன் பெண்டாட்டி மெத்தையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க."

டேப் மெஷினை அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் மறுபடி பாட வழியில்லை. ஆல்பமே பாழாய்ப் போனது என்று குருவி அழுதாள். 'யார் விற்றது?' என்று கத்தி, ஹெட்ஃபோனைத் தரையில் அடித்து, மெத்தை அக்காவை நாக்கில் நரம்பில்லாமல் திட்டினாள். அக்கா நின்று வாங்கிக்கொண்டாள். பிறகு அந்த ஆல்பம், «வெளியே யார்?» என்ற பெயரில் கேசட்டாக வந்தது. மூன்றாவது பாட்டின் நடுவே குரல் திடீரென்று அகலத் திறக்கிற அந்த இடத்தைக் கேட்டு ஜனங்கள் பைத்தியமானார்கள். மற்ற பாடகர்கள் அதைக் காப்பியடிக்கக் குளியலறையிலும் மாடிப்படியிலும் நின்று பாடிப் பார்த்தார்கள். கேசட் அட்டையில் பொடி எழுத்தில் 'மெத்தைக்கு நன்றி' என்று போட்டிருந்தது.

"அக்காவுக்குன்னு போடலையே?" என்று கண்ணாடிக்காரர் கேட்பார்.

"மெத்தைன்னா நான்தான். எருமைன்னு போட்டிருந்தா உங்களுக்கு நன்றின்னு அர்த்தம்" என்பாள்.

ஆனாலும் உள்ளுக்குள் அது அவளை அறுத்துக்கொண்டேதான் இருந்தது. ஆயிரம் புளுகு அவளுக்கு உண்டு, அவளுக்கே தெரியும். இந்த ஒன்றாவது நிஜமென்று தெரு ஒப்புக்கொள்ள வேண்டும். சாவதற்குள் ஒரு தடவை, ஒரு துளியும் கழிக்காமல் யாராவது அவளை நம்ப வேண்டும்.

அதனால்தான், அந்த ஆல்பத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று ஓர் இயக்குநர் அம்மா கேமராக் கூட்டத்தோடு கடைக்குள் நுழைந்தபோது, மெத்தை அக்கா தரையில் கால் பாவாமல் நடந்தாள். தலைக்குச் சாயம் அடித்தாள். அடித்த சாயம் காதில் வழிந்திருந்ததைப் படம் எடுக்க வந்த பெண்தான் துடைத்துவிட்டாள். இயக்குநர் அம்மா தங்கமான பெண்மணி. விளக்கைப் போட்டுவிட்டு, "அவசரமே இல்லம்மா, மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க" என்றாள். அக்கா சொன்னாள். 'ரூமுக்கு மூச்சு வந்த மாதிரி' என்ற இடத்தில் இயக்குநர் அம்மா கண்ணை ஒற்றிக்கொண்டு, "இதை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டாள். அக்கா இன்னொரு தடவை சொன்னாள். கடைசியில், ஏதோ யோசனையில் இருப்பதுபோல ஒரு மெத்தையைத் தடவிக் கொடுக்கச் சொன்னார்கள். யோசனை என்றால் வாயை மூடியிருக்க வேண்டுமாம். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சைலன்சரையும் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அவர் நூலைக் கடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

படம் டிவியில் வருகிற சாயங்காலம் கடைக்கு அரைநாள் விடுமுறை. மருமகள் வீட்டிலிருந்த பெரிய டிவியை ஹாலுக்கு இறக்கி வைத்தாள். நாற்காலி எதற்கு? விற்பனைக்கு இருந்த மெத்தைகளையெல்லாம் வரிசையாகப் போட்டு, தெருவையே அதில் உட்கார வைத்தார்கள். உறை பிரிக்காத மெத்தைகள். யாராவது அசைந்தால் பிளாஸ்டிக் சரசரக்கும். டீ சுற்றி வந்தது. "சிந்தினவங்க அந்த மெத்தையை வாங்கிட்டுத்தான் போகணும்" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் முன்வரிசையில், நடுவில் உட்கார்ந்தாள். சைலன்சர் கடைசியில் குடோன் வாசலருகே, அவர் வழக்கமான இடத்தில்.

படம் ஓடியது. குருவி வந்தாள். கறுப்பு உடையில், வெள்ளை அறையில், ஒற்றை நாற்காலியில். வயது அவளை ஒன்றும் செய்துவிடவில்லை. டிரம்காரன் வந்தான், முடியெல்லாம் போய் முட்டை மாதிரி இருந்தான். யாரோ ஒரு பேராசிரியர், அந்த ஆல்பத்துக்கு முன், அந்த ஆல்பத்துக்குப் பின் என்று காலத்தையே இரண்டாக வெட்டிக் காட்டினார். பிறகு மூன்றாவது பாட்டு வந்தது.

"உஷ்! இப்பத்தான், இப்பத்தான்" என்றாள் அக்கா. யாரும் பேசவே இல்லை.

திரையில் அவள் குடோன் இல்லை. எங்கேயோ போட்ட செட். மெத்தைகள் பால் வெள்ளை. "நம்ம மெத்தை கோடு போட்டதுல்ல?" என்று அக்கா முணுமுணுத்தாள். குருவியாக நடித்த ஒரு சின்னப் பெண் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். நிஜக் குருவியின் குரல் மேலே பேசியது.

"அந்த வரி வந்தப்போ என்னால உள்ள இருக்க முடியல. பாடிக்கிட்டே எந்திரிச்சேன். வாசலை அடைச்சிருந்த மெத்தையை நானே இழுத்துக் கழட்டினேன். அந்த ரூமுக்கு அப்பத்தான் மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு."

அந்தச் சின்னப் பெண் மெத்தையை இழுத்தாள். வெளிச்சம் பாய்ந்தது. பாட்டு திறந்துகொண்டது. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அடுத்து அக்கா வந்தாள். மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. கீழே எழுத்து: 'ஆரம்பகால ரசிகை ஒருவர்.' ஒரு கண்சிமிட்டலில் அவளும் போய், பேராசிரியர் மறுபடி வந்துவிட்டார்.

ஹாலில் ஒரு பிளாஸ்டிக்கூடச் சரசரக்கவில்லை.

ரசிகை என்று போட்டதைக்கூட அக்கா விழுங்கியிருப்பாள். பேட்டி முழுவதையும் வெட்டியதைக்கூட, இடமில்லை போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த வார்த்தை? அவள் வாயிலிருந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டு போன வார்த்தை, எழுத்துப் பிசகாமல் இன்னொருத்தி வாயில் இருந்தது. வீடு புகுந்து சட்டையைத் திருடியவன் மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து வணக்கம் சொன்னால் எப்படி இருக்கும்? அதைவிட மோசம், இனி அவள் அதைச் சொன்னால் படத்தைப் பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்பார்கள்.

படம் முடிந்தது. மருமகள்தான் முதலில் பேசினாள்.

"உங்களை எவ்வளவு அழகா காட்டியிருக்காங்க பாருங்க அத்தை. அந்த நீல டிரெஸ் உங்களுக்கு எடுப்பா இருந்துச்சு."

"ஆமாமா. முகமே தெளிவா தெரிஞ்சுது" என்றார் கண்ணாடிக்காரர். முக்கால்வாசியைக் கழிக்கிற மனிதர், கேலிக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தும் விட்டுவிட்டார். "போகட்டும் அக்கா. நீங்க சொல்ற மாதிரி கேக்கறதுதான் எங்களுக்கு நல்லாயிருக்கு."

அந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். போனை எடுத்தாள். குருவியின் சொந்த எண் அவளிடம் இருக்கிறது என்பது தெரு நம்பாத இன்னொரு சங்கதி. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா!" என்று குரல் குதித்து வந்தது. அந்தக் குரலேதான். மெத்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் சரசரத்தன. "பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"வெளிச்சமெல்லாம் நல்லாயிருந்துச்சு. குருவி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த மெத்தையை எடுத்தது யாரு?"

"ஐயோ அக்கா, அதையா மனசுல வெச்சிட்டிருக்கீங்க?"

"வேற எங்க வெச்சுக்க? சொல்லு, யாரு?"

"நீங்கதான். நீங்கதானே வித்தீங்க? அன்னைக்கு நான் திட்டின திட்டை நெனச்சா எனக்கே இப்பக் கூச்சமா இருக்கு."

"படத்துல வேற மாதிரி வருதே?"

"டைரக்டர் உங்க பேட்டியைப் போட்டுக் காட்டினாங்கக்கா. நீங்க சொன்னது அவ்வளவு அழகா இருந்துச்சு. அதையே நான் சொன்னா இன்னும் நல்லாயிருக்கும்னு..." குரல் தணிந்தது. "நீங்களே யோசிங்க. யாரோ வந்தாங்க, மெத்தையை வாங்கிட்டுப் போனாங்க, பாட்டு மாறிடுச்சுன்னா, அப்புறம் நான் எதுக்கு? இத்தனை வருஷமா என்னைத் தூக்கி வெச்சுப் பேசறதே அந்த ஒரு இடத்துக்காகத்தான். அது தானா நடந்துச்சுன்னு நான் எந்த வாயால சொல்வேன்?"

"என் வாயாலதானே இவ்வளவும் சொன்னே? இதையும் சொல்லியிருக்கலாம்."

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க முகத்தைக் கண்டிப்பா காட்டணும்னு சண்டை போட்டதே நான்தான்."

"ரசிகைன்னா?"

"அது... பேர் போடறவங்க ஏதோ..."

"நான் ஒருநாளும் உனக்கு ரசிகையா இருந்ததில்லடி. உன் பாட்டு எனக்குப் புடிக்கவே புடிக்காது. அப்பவும் டமடமன்னு இருந்துச்சு, இப்பவும் டமடமன்னுதான் இருக்கு. எனக்கு உன்னைப் புடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

மறுபக்கம் "அக்கா" என்றது. அவள் போனை அணைத்துவிட்டாள்.

யாரோ கைதட்டினார்கள். பிறகு ஹாலே கைதட்டியது. கண்ணாடிக்காரர் மெத்தையில் எழுந்து நிற்கப் பார்த்து, கால் புதைந்து, பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. முப்பது வருஷமா கழிச்சதையெல்லாம் வட்டியோட திருப்பித் தர்றேன். முதல்லேர்ந்து சொல்லுங்க. இன்னைக்கு ஒரு சொல்லைக்கூட விட மாட்டேன்."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த விதம் அவளுக்குக் கசந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள், எழுந்து நின்றாள். போகப் போகக் குரலில் பழைய கம்பீரம் ஏறிக்கொண்டது.

"இதோ, இந்த இடத்துலதான் நான் நின்னேன். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தாங்க. நல்ல உயரம் ரெண்டு பேரும். அந்த அம்மா கன்னத்தை வெச்சுப் பாத்துது. நான்தான் இப்படி ரெண்டு கையாலயும் புடிச்சு..."

"அண்ணே," கண்ணாடிக்காரர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மரியாதைக்காகக் கேட்டதுதான், வேறொன்றுமில்லை. "நீங்களும் அன்னைக்கு இங்கதானே இருந்தீங்க? அக்கா வித்ததைப் பாத்தீங்கல்ல?"

சைலன்சர் தலையைத் தூக்கினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த அளவுக்குப் பார்த்தாலே அவர் எழுந்து போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை.

"இவ இல்ல" என்றார்.

"என்னண்ணே?"

"இவ அன்னைக்குக் கடையிலேயே இல்ல. பல் புடுங்கப் போயிருந்தா. வித்தது நான்."

"என்னங்க..." என்றாள் அக்கா. தூக்கிய இரண்டு கையும் தூக்கியபடியே நின்றன. குருவி பேசியபோது அவள் முகத்தில் வராத ஒன்று இப்போது வந்தது.

"இதுதான் வேணும்னு காட்டினாங்க. அது விக்கறதுக்கு இல்லன்னு சொல்லணும். எனக்கு வாய் வரல. கழட்டிக் குடுத்துட்டேன்." ஒவ்வொரு சொல்லையும் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நிதானமாக எடுத்து வைத்தார். "உள்ளேர்ந்து அந்தப் பொண்ணு கத்திக்கிட்டு வந்துச்சு. வண்டியில ஏத்திட்டு வர்றேன்னு நான் தெருவுக்கு ஓடிட்டேன். இவ வீங்கின கன்னத்தோட அப்பத்தான் உள்ள நுழைஞ்சா. யாரு வித்ததுன்னு அது கேட்டுது. நான்தான்னு இவ சொல்லிட்டா. எனக்கு விழ வேண்டிய திட்டு அவ்வளவும் இவ மேல விழுந்துச்சு. அதான் கதையையும் இவளே வெச்சுக்கட்டும்னு இருந்தேன்."

மருமகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அந்த ரூமுக்கு மூச்சு வந்த மாதிரின்னு..."

"நான் இவகிட்ட சொன்னது. வேற யார்கிட்ட நான் பேசறேன்?"

அக்கா கையை இறக்கினாள். பக்கத்திலிருந்த மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் நீளமாகச் சரசரத்து அடங்கியது. சைலன்சர் ஊசியை எடுத்து, பாதியில் விட்டிருந்த தையலைத் தொடரப் போனார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல மறுபடி நிமிர்ந்தார்.

"வந்தது புருஷன் பெண்டாட்டியும் இல்ல. ஒரு அம்மாவும் மகளும்."